அனுமதிக்குக் காத்திருந்த சுட்டுவிரல்

ஆராய்ச்சிக்காகக் கடலிலிருந்து எடுக்கப்படும் உயிர்களுக்கு முத்துக்குளிப்பு விதிகள் பொருந்தா. பொருந்தியிருக்க வேண்டிய விதி இதுதான், ஒரே வரி. அதன் வாலில் மட்டும் ஒரு சிறு தொங்கல் உண்டு: 'கரைக் கண்காணிப்பாளர் திருப்தியடையும் பட்சத்தில்.' எங்கள் காலத்துக் கண்காணிப்பாளர் எதிலும் திருப்தி அடைந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஆர்.என்.ஏ. பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கையுறை போடாமல் குழாயைத் தொட்டால் ஆர்.என்.ஏ. போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள். பிசகாகத் தொட்டுவிட்ட பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றுக்கு வெள்ளையடித்து ஆய்வுக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் சுவரில் உப்புப் பூக்கும். நான் அங்கே முதுநிலை உதவியாளன். விதிப் புத்தகங்களை முழுவதும் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், அனுமதி, தடை, விளக்கம், மறுவிளக்கம் எல்லாம் என் மேஜைக்கே வரும். எங்கள் தலைவர் பெரிய அறிவாளி. ஒரு பரிசோதனையில் ஒரே ஒரு மாற்றம்தான் இருக்கலாம் என்பது அவருடைய வேதம். டீயில் சர்க்கரையைக் குறைத்த வாரம் பாலைக் குறைக்க மாட்டார்.

எஸ்தர் சாத்தான்குளத்துப் பெண். முனைவர் பட்டத்துக்குக் கடல் முள்ளெலியின் முட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளோடு பாறை இடுக்கில் கிடக்கும் அந்தப் பிராணியை மீனவர்கள் 'முள்ளு' என்று சொல்லி வலையிலிருந்து உதறிவிடுவார்கள். அதன் முட்டைக்குள் ஒரு வேடிக்கை. குஞ்சு உருவாவதற்கு வேண்டிய புரதங்களைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. முன்கூட்டியே தயாராக இருக்கிறது. ஆனால் கரு உண்டாகும்வரை எந்த வேலையும் நடப்பதில்லை. ஏன்? அந்த ஆர்.என்.ஏ.வின் மேல் வேறு சில புரதங்கள் போர்வைபோலச் சுற்றிக்கொண்டு, அதைப் படிக்கவிடாமல் வைத்திருக்கின்றன என்பது எஸ்தரின் கட்சி. புரதம் சுற்றியிருக்கவில்லை, பக்கத்தில் சும்மா மிதக்கிறது, நீ அரைக்கும்போது கூடச் சேர்ந்து வந்துவிடுகிறது என்பது தலைவரின் கட்சி. இரண்டில் எது என்று காட்ட அவளுக்கு நல்ல முட்டை வேண்டும். முள்ளெலி முட்டையிடும் பருவம் முடிந்துகொண்டிருந்தது. அவளுடைய உதவித்தொகையும் அந்த மாதக் கடைசியோடு சரி. அதற்குள் முடிவு இல்லையென்றால், ஊரில் அவள் அப்பா பேசி வைத்திருந்த ஆரம்பப் பள்ளி டீச்சர் வேலைக்குப் போக வேண்டும். பட்டம் அவ்வளவுதான்.

சங்கு குளிக்கிற சூசையிடம் சொல்லி ஒரு கூடை முள்ளெலி எடுத்துவரச் செய்தோம். வந்தது. ஆனால் கரையில் நெல்லையப்பன் நின்றுகொண்டிருந்தார்.

இவர்தான் கரைக் கண்காணிப்பாளர். கடலடியில் முத்துச் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளான முத்துப் பார்களைக் காவல் காப்பது அவர் அலுவலகத்தின் வேலை. முத்துக்குளிப்பு நடந்து பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. அலுவலகம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. தராசு, முத்திரை, காவலாள், ஓலை வேலி எல்லாம் உண்டு. காவல் காக்க முத்துதான் இல்லை. அப்படி ஓர் அலுவலகத்தின் முன்னால் ஒரு குளியாள் கூடையோடு கரையேறினால் என்ன நடக்கும்?

"கூடைய இறக்குலே. எங்கன எடுத்த?"

"பார்லதான் அய்யா. வெறும் முள்ளு."

"முள்ளோ பூவோ, பார்ல எடுத்தா பங்கு பிரிக்கணும்."

முத்துச் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பது அந்தக் கரையின் பழைய வழக்கம். இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளுக்கு. நெல்லையப்பன் முள்ளெலிகளை மணலில் கொட்டி, கம்பால் தள்ளித் தள்ளி மூன்று குவியலாக்கினார். பத்து வருடம் கழித்து அவர் கைக்கு வந்த வேலை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் விதியின் அந்த ஒரு வரியை எடுத்துக் காட்டினேன். அவர் தொங்கலை எடுத்துக் காட்டினார்.

"நீங்க திருப்திப்பட என்ன சார் செய்யணும்?" என்றாள் எஸ்தர்.

"அது இந்த விதியில இல்லம்மா."

"சரி, ஆராய்ச்சி பண்ணுதவங்களுக்கு எத்தனை பங்கு?"

"அதுவும் இல்ல."

அரசின் இரண்டு பங்கும் கொட்டுக்குப் போயிற்று. கொட்டு என்பது கடற்கரையில் ஓலை வேலி அடைத்த இடம். சிப்பிகளை அதற்குள் போட்டு, பூட்டி, முத்திரை வைத்து, சதை முழுவதும் அழுகும்வரை விட்டுவிடுவார்கள். பிறகு கழுவி அரித்து முத்தைத் தேடுவார்கள். முறையாகப் பார்த்தால் அரசின் முள்ளெலிகளும் அழுகித்தான் ஆக வேண்டும். அழுகின. தருவைகுளத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றிப் போனார்கள். மீன்காரர்களே மூக்கைப் பொத்தினார்கள் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஆள் வைத்துக் கழுவி, 'முத்து: இல்லை' என்று அறிக்கை போயிற்று.

மீதி ஒரு பங்கு சூசையுடையது. அதை அவன் எஸ்தரிடமே கொடுத்துவிட்டான். "முள்ள வீட்டுக்குக் கொண்டு போனா எம் பொஞ்சாதி என்னையும் சேத்து வெளிய போட்டுருவா. நீயே வச்சுக்க, தங்கச்சி."

அந்த ஒரு பங்கை வைத்துக்கொண்டு எஸ்தர் செய்த வேலையை நான் மறக்கவில்லை. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கட்டியில் பீங்கான் கிண்ணங்களைப் புதைத்து, முட்டைகளை அரைத்து, வடித்து, கடைசியில் நான்கு சோதனைக் குழாய்கள் எடுத்தாள். இரண்டில் புரதம் சுற்றிய ஆர்.என்.ஏ., எடுத்தபடியே. இரண்டில் புரதத்தை உரித்துவிட்ட வெறும் ஆர்.என்.ஏ. இதே சரக்கில் கொஞ்சம் மிச்சத்தை உறைபெட்டியில் வைத்தாள். நான்கும் பார்ப்பதற்கு வெறும் தண்ணீர்தான். அவளுடைய மூன்று வருடம் அந்தத் தண்ணீரில் இருந்தது.

அப்போது நெல்லையப்பன் உள்ளே வந்தார். குளியாளின் பங்கிலிருந்து என்ன கிடைத்தது என்று பார்வையிடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. வாங்க சார், உட்காருங்க, டீ சாப்பிடுங்க என்று சொல்லிக்கொண்டே நான் நாற்காலியை இழுத்தேன். அவர் மேஜைக்குப் போய்விட்டார்.

"இது என்னது?"

"ஆர்.என்.ஏ. சார்," என்றாள் எஸ்தர், இரண்டு கையிலும் கிண்ணத்தோடு.

"அப்படின்னா?"

அவசரத்தில் அவள் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "செல்லுக்குள்ள இன்ன வேலையச் செய்யின்னு சொல்லுத உத்தரவு சார். உத்தரவு இருக்கு. ஆனா மேல ஏதோ மூடியிருக்கு. அதனால வேலை நடக்கல."

"ஆர்டர் போட்டாச்சு, டெஸ்பாட்ச் ஆகல," என்றார் நெல்லையப்பன். அவர் முகம் மலர்ந்தது. "இது எங்க ஆபீஸ்ல தினமும் நடக்குறதுதானேம்மா."

உயிரியலை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட அரசு ஊழியரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஆனால் புரிந்ததோடு அவர் நிற்கவில்லை. சிப்பி கழுவிய தண்ணீரின் அடியில் கண்ணுக்குத் தெரியாத தூள் முத்து தங்கும். அதை விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பார்கள். இந்தக் கரையின் முத்து ஆபீஸ்காரர் யாராக இருந்தாலும், கலங்காத தண்ணீரைப் பார்த்தால் விரல் தானாக நீளும். அவர் வலது சுட்டுவிரல் முதல் குழாய்க்குள் போயிற்று. அடியைத் துழாவியது. வெளியே வந்தது. இரண்டாவது குழாய்க்குள் போயிற்று.

எஸ்தர் கத்திய கத்தலில் மூன்றாவது குழாய் தப்பியது.

விரல் தோலில் ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. "முத்து ஒண்ணும் இல்ல" என்று விரலை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார். "தொட்ட ரெண்டையும் கொட்டிடு. தொடாத ரெண்டை வச்சு ஓட்டு," என்றார். வெளியாள் கை பட்டது ஆய்வுக்கு ஆகாது. அவர் சொன்னது முறைதான். எஸ்தர் எழுந்து குழாய்களை எடுத்துக்கொண்டு தொட்டியை நோக்கி நடந்தாள்.

இப்போது நான் சொல்வதைக் கவனியுங்கள். கோபத்தில் ஒருவர் தொட்டியை நோக்கி நடக்கும்போது அவரிடம் நியாயம் பேசாதீர்கள். விதியைப் பேசுங்கள். கால்கள் நின்றுவிடும்.

"கொட்டக் கூடாது," என்றேன். "வெளியாளால் மாசுபட்ட பொருளை, மாசுபடுத்தியவர் கையெழுத்து வாங்காமல் அழிக்கக் கூடாது. நம்ம ஆய்வுக்கூட விதியிலேயே இருக்கு."

உண்மையிலேயே இருந்தது. யார் எதற்காக எழுதினார்கள் என்று தெரியாது. நெல்லையப்பனிடம் பேனாவை நீட்டினேன். அவர் பின்வாங்கினார்.

"என் விரலால எதுவும் கெடல. சாப்பிட்டுட்டுக் கை கழுவிட்டுதான் வந்தேன்."

"சார், கெட்டுப்போச்சு," என்றாள் எஸ்தர்.

"கண்ணால பாத்தியா? அப்பவும் தண்ணி, இப்பவும் தண்ணி. கெட்டிருந்தா நிரூபிம்மா. கையெழுத்துப் போடுதேன்."

ஆக, நிலைமை இது. கெட்டுப்போன குழாய்களைக் கொட்ட வேண்டுமானால் அவர் கையெழுத்து வேண்டும். அவர் கையெழுத்துப் போட வேண்டுமானால் அவை கெட்டுப்போனதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வேண்டுமானால் கெட்டுப்போன குழாய்களையே பரிசோதனையில் வைக்க வேண்டும். தலைவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். எஸ்தர் அந்தக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, அவர் விரல் மொதல்ல எதுல போச்சு?"

"இடப்பக்கக் குழாய்ல."

"அது புரதம் சுத்துனது. அடுத்தது வெறும் ஆர்.என்.ஏ." அவள் குரல் மாறியிருந்தது. "நாலையும் ஓட்டுவோம்."

செய்முறையை நீங்கள் அறிவீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு குழாயிலும் மேலே இருந்த புரதம், விரல் அழுக்கு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மிஞ்சிய ஆர்.என்.ஏ.வைக் கோதுமை முளைக்கருச் சாற்றில் விட்டாள். அந்தச் சாறு ஒரு விசித்திரம். வேலை செய்யும் கருவிகள் எல்லாம் இருக்கும், சொந்தமாக உத்தரவு இருக்காது. எந்த ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தாலும் அது சொல்கிற புரதத்தைச் செய்யும். சாற்றில் கலந்துவைத்த கதிரியக்க அமினோ அமிலம் புதுப் புரதத்தில் ஏறிவிடும்; செய்ததா என்று அந்தக் கதிரியக்கத்தை எண்ணும் கருவி சொல்லும்.

தொடாத இரண்டு குழாய்க்கும் கருவி படபடவென்று அடித்தது. விரல் பட்ட வெறும் ஆர்.என்.ஏ. குழாய்க்கு மௌனம். நொதி தின்று தீர்த்துவிட்டது. நான்காவதாக, விரல் முதலில் போய் நன்றாகத் துழாவிய குழாயை வைத்தாள். கருவி படபடவென்று அடித்தது.

போர்வை இருந்தது. சும்மா பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தால் அந்த விரலுக்கு யார் தப்பியிருக்க முடியும்? புரதம் ஆர்.என்.ஏ.வை இறுக்கிச் சுற்றியிருந்ததால்தான் நொதியால் அதைத் தொட முடியவில்லை. மூன்று வருடமாக அவள் தேடிய சாட்சியை ஒரு கண்காணிப்பாளர் முத்துத் தேடப் போய்க் கொடுத்துவிட்டார்.

நெல்லையப்பனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கருவி அடிப்பதை இருமுறை கேட்டார். "அப்ப ஒண்ணு கெட்டுச்சு, ஒண்ணு கெடல."

"ஆமா சார்."

"அப்ப முழுக் கையெழுத்து போட முடியாது," என்று பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தார்.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு தடவை நடந்தால் அது விபத்து. மறுபடி செய். இந்தத் தடவை வெறும் ஆர்.என்.ஏ.வில் முதலில் விரல் போகட்டும்," என்றார்.

"சரி சார். என் விரலையே வைக்கேன்."

"அது எப்படி? வரிசையை மாற்றுகிறோம். விரலையும் மாற்றினால் இரண்டு மாற்றம் ஆகிவிடும். அதே விரல் வேண்டும்."

எந்த விரலிலும் அதே நொதிதான். அவருக்கும் தெரியும். ஆனால் தலைவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகாது. உறைபெட்டியில் இருந்த மிச்சம் இன்னும் ஒரே ஒரு தடவைக்கு வரும். மின்சாரம் நினைத்தபோது போய்க்கொண்டிருந்தது. மாதம் முடியப் போகிறது.

எஸ்தரும் நானும் கரை அலுவலகத்துக்குப் போனோம். நெல்லையப்பனுக்கு ஏக சந்தோஷம். விரலை உயர்த்திப் பார்த்துக்கொண்டார். பிறகு முகம் சுருங்கியது.

"போன தடவை நான் ஆய்வு செய்ய வந்தேன். அது டியூட்டி. இப்ப நீங்க என்னைய வச்சு ஆய்வு செய்யுதீங்க. கடமை நேரத்துல அரசு ஊழியர் விரலை வேற துறைக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கா?"

"விரல் உங்களோடதுதானே சார்?" என்றாள் எஸ்தர்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலம்மா."

அவர் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பார்வையில் காணும் ஆய்வுக்கூடம் கோரியபடி, கீழே கையொப்பமிட்டவரின் வலது சுட்டுவிரலைக் குறுகிய கால அடிப்படையில் பயன்படுத்த அனுமதி வேண்டப்படுகிறது என்று. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினார். அதற்கும் இல்லை. எஸ்தரின் அப்பா சாத்தான்குளத்திலிருந்து வந்து, அவளுடைய பெட்டியைக் கட்ட உதவட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அஞ்சு மணிக்கு மேல வரச் சொல்லுவோமா?" என்றாள் எஸ்தர்.

அதையும் கேட்டுப் பார்த்தேன். கரைக் காவல் அலுவலர் இருபத்துநான்கு மணி நேரமும் பணியில் இருப்பதாகக் கருதப்படுவார் என்ற விதி அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. சாயங்கால விரலும் போயிற்று. அன்று முழுவதும் நான் விடுப்பு விதிகளைப் படித்தேன். கருதப்படுவார் என்பதற்கு ஒரே விலக்கு, தற்செயல் விடுப்பு. விடுப்பில் இருக்கிற மனிதனின் உடம்பு முழுவதும், தலையிலிருந்து விரல்வரை, அவனுக்கே சொந்தம்.

இதைச் சொன்னதும் நெல்லையப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அந்தக் கருவி அடிப்பதை இன்னொரு தடவை கேட்க ஆசை இருந்தது, வழிதான் இல்லை. தடுக்கிற அதிகாரிகளில் பாதிப் பேர் இப்படித்தான். மறுக்க விரும்புவதில்லை, சம்மதிக்கத் தெரியாது. அவர்களோடு சண்டை போடாதீர்கள். அவர்கள் நுழையத் தோதாக ஒரு வாசலைத் தேடிக் கொடுங்கள்.

சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அரைநாள் விடுப்பில் வந்தார். பட்டுக்கரை வேட்டி, விபூதி, புதுச்சட்டை. எஸ்தர் "வாங்க சார்" என்றாள்.

"இன்னைக்கு சார் கிடையாது. வெறும் நெல்லையப்பன்."

தலைவர் பக்கத்தில் நின்று பார்த்தார். விரல் முதலில் வெறும் ஆர்.என்.ஏ.வுக்குள் போயிற்று, பிறகு புரதம் சுற்றியதற்குள். கருவிக்கு முன்னால் நாங்கள் நால்வரும் நின்றோம். முதல் குழாய் மௌனம். இரண்டாவதை வைத்தபோது எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள்.

படபடவென்று அடித்தது.

"டெஸ்பாட்ச் ஆயிட்டு," என்றார் நெல்லையப்பன்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "முடிவு பிரமாதம்," என்றார். "முதல் தடவை விரல் பணியில் இருந்திருக்கிறது. அதற்கு அனுமதி உண்டா?"

"விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது," என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் உண்மை அதுதான்.

பட்டம் கொடுத்தார்கள், மேற்படி விண்ணப்பத்தின் மீது வரும் பதிலுக்கு உட்பட்டு. எஸ்தருக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை. அவள் அறை வாசல் பலகையில் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கல்லூரி, அதன் முன்னால் 'டாக்டர்' என்பதைச் சாக்பீஸால் எழுதியது. நிபந்தனை முடியாத பட்டத்துக்குப் பெயிண்ட் செலவு செய்ய முடியாதாம். தினமும் யாருடைய முழங்கையாவது பட்டு அழியும். தினமும் காலையில் அவளே எழுதிக்கொள்வாள். ஒருநாள்கூட எழுதாமல் விட்டதில்லை என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நெல்லையப்பன் ஓய்வு பெறும்வரை மாதாமாதம் நினைவூட்டல் அனுப்பினார். ஓய்வு பெற்ற பிறகும், தன் சொந்தத் தபால்தலையில், முன்னாள் விரல் என்று குறிப்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பதில் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. இரண்டே வரி. பார்வையில் காணும் விரல் இவ்வலுவலகச் சொத்துப் பதிவில் இல்லை. எனவே அதைப் பயன்படுத்தியதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை.

அதை எடுத்துக்கொண்டு நானே கல்லூரிக்குப் போனேன். எஸ்தர் வகுப்பில் இருந்தாள். வாசலில் நின்று காகிதத்தைக் காட்டினேன். அவள் வாங்கிப் படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். பிறகு பிள்ளைகளிடம் பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு, கிடுகிடுவென்று நடந்து போய்ப் பியூனிடம் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் கேட்டாள். யாரையும் எழுதவிடவில்லை. ஸ்டூலில் ஏறி அவளே எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணல்தான். கீழே இறங்கி நின்று பார்த்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து டாக்டர் என்று கேட்டாள். காகிதத்தில் தேதி இல்லை; நான் அது வந்த உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் படித்தேன்: 11 ஜூன் 1979.